பட்டா ஒருவர் பெயரில், அனுபோகம் இன்னொருவர் கையில்: பாலஸ்தீனத்தின் முன் உள்ள நான்கு வழிகள்

நம் ஊரில் நிலத் தகராறு என்று யாராவது போய் நின்றால், வக்கீல் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? அனுபோகத்தில் யார் இருக்கிறார்கள்? இரண்டுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் அங்கே வழக்குக்கு வேலை இல்லை. பாலஸ்தீனத்தில் இந்த இரண்டு பதில்களும் ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டே போகின்றன.

2025ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஜெருசலேமுக்கும், ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேல் கட்டிய யூதக் குடியேற்றங்களில் ஒன்றான மாலே அதூமிமுக்கும் நடுவே ஈ-1 என்று அழைக்கப்படும் 12 சதுர கி.மீ. நிலம் இருக்கிறது. அங்கே சுமார் 3,400 வீடுகள் கட்ட ஆகஸ்ட் மாதம் இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே இது புதைத்துவிடும் என்று நிதியமைச்சர் பெசலேல் ஸ்மோட்ரிச் மறைக்காமல் சொன்னார். அடுத்த மாதம், செப்டம்பர் 21 அன்று, பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் போர்ச்சுகலும் பாலஸ்தீனத்தைத் தனிநாடாக அங்கீகரித்தன. மறுநாள் பிரான்ஸ். ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளில் அங்கீகரித்தவை 157 ஆயின. பட்டாவில் பெயர் ஏறிய அதே பருவத்தில் நிலத்தில் அஸ்திவாரத்துக்கு அளவு எடுத்தார்கள்.

இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்க முடியாது என்பதும் தெரியும். பாகப்பிரிவினை என்றால் இரண்டு தரப்பும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். இவர்களும் இப்ராஹிமின் வழி வந்தவர்கள்தானே என்று சிலர் சொல்வதுண்டு. அந்த உறவு இதுவரை பயன்பட்டது ஹெப்ரோனில் அவருடைய கல்லறை இருக்கும் கட்டடத்தைப் பள்ளிவாசல் பாதி, ஜெப ஆலயம் பாதி என்று பிரித்து நடுவில் கதவு போடுவதற்குத்தான். அதுவும் 1994இல் ஒரு யூதக் குடியேறி உள்ளே புகுந்து தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு.

சரி, என்னென்ன வழிகள்தான் இருக்கின்றன? பேச்சுவார்த்தை மேசையிலும் கட்டுரைகளிலும் அடிபடுபவை நான்கு: தனித்தனியாக இரண்டு நாடுகள், எல்லோருக்கும் ஒரே ஓட்டுள்ள ஒரே நாடு, இரண்டு நாடுகளாக இருந்துகொண்டு எல்லையைத் திறந்துவைக்கும் கூட்டமைப்பு, பெயர் எதுவும் வைக்காமல் இப்போது நடப்பதையே தொடர்வது. ஜோர்டான் நதிக்கு மேற்கே, 1967 முதல் இஸ்ரேலின் பிடியில் இருக்கும் மேற்குக் கரையை ஜோர்டானோடு சேர்த்துவிடலாம் என்ற ஐந்தாவது யோசனை அவ்வப்போது தலைகாட்டும். ஜோர்டான் 1988 ஜூலையிலேயே அந்த உறவை முறித்துக்கொண்டது, மன்னர் அப்துல்லா இன்றும் அதைக் கேட்கவே தயாராக இல்லை. எனவே அதை இங்கேயே விட்டுவிடலாம்.

திட்டங்களை ஒப்பிடும்போது வரைபடத்தை வைத்து ஒப்பிடுவது வழக்கம். நான் நான்கு பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மேற்குக் கரை நகரமான ராமல்லாவில் படித்து முடித்து வேலை தேடும் ஒரு பெண். மேற்குக் கரைக்குள்ளே சுமார் 16 கி.மீ. தள்ளி இருக்கும் ஆரியேல் குடியேற்றத்தில் பிறந்து வளர்ந்த ஒரு யூதர். லெபனானின் ஐன் அல்-ஹில்வே முகாமில் மூன்றாம் தலைமுறையாக வாழும் ஒரு அகதி. காசா எல்லையை ஒட்டிய ஸ்டெரோட் ஊரில் குழந்தைகளை வளர்க்கும் ஒரு தாய். இந்த நால்வரில் யாரையாவது கணக்கில் சேர்க்காத திட்டம், கையெழுத்தான மறுநாளே அந்த இடத்தில் கிழியும்.

இரண்டு நாடுகள்

பழைய யோசனை. 1937இல் பிரிட்டனின் பீல் கமிஷன் முதலில் சொன்னது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச் சபை 181ஆம் தீர்மானத்தை 33 ஆதரவு, 13 எதிர்ப்பு, 10 நடுநிலை என்ற கணக்கில் நிறைவேற்றியது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அரபுகளுக்கு மீதி, ஜெருசலேம் சர்வதேசப் பொறுப்பில். யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தரப்பு மறுத்தது. 1948 போர் முடிந்தபோது இஸ்ரேலின் கையில் 78 சதவீத நிலம் இருந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள் அல்லது விரட்டப்பட்டிருந்தார்கள். 1967இல் மீதி 22 சதவீதமான மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் காசாவும் இஸ்ரேலின் பிடிக்கு வந்தன.

பேச்சுவார்த்தைகள் ஏன் முறிந்தன என்று புரிய இந்த 22 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத் பாலஸ்தீன நாட்டை அறிவித்தபோது, 78 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் அதன் உட்பொருளாக அவர்கள் தரப்பில் புரிந்துகொள்ளப்பட்டது. பெரிய சமரசத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் மேசைக்கு வருகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். இஸ்ரேலியத் தரப்புக்கோ பேரமே அந்த 22இல்தான் தொடங்குகிறது. ஒருவருக்கு முடிந்த கணக்கு, இன்னொருவருக்கு முதல் வரி. ‘இவ்வளவு தாராளமாகக் கொடுத்தும் மறுத்துவிட்டார்கள்’ என்று ஒரு தரப்பும், ‘எங்களுடையதையே துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள்’ என்று மறு தரப்பும் ஒரே வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் இருவரும் நெருங்கி வந்த நேரங்கள் உண்டு. 2000 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் முன்வைத்த வரையறைகளில் மேற்குக் கரையின் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு என்று இருந்தது. 2008 செப்டம்பரில் இஸ்ரேலியப் பிரதமர் எஹுத் ஓல்மர்ட் இன்னும் ஒரு படி போனார். மேற்குக் கரையில் சுமார் 6.3 சதவீதத்தை இஸ்ரேல் எடுத்துக்கொள்ளும், பதிலாக 5.8 சதவீத அளவுக்குத் தன் நிலத்தைக் கொடுக்கும், காசாவையும் மேற்குக் கரையையும் இணைக்கப் பாதை தரும். ஜெருசலேமின் புனிதத் தலங்களுக்கு ஐந்து நாடுகள் பொறுப்பேற்கும். பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸுக்கு வரைபடத்தைக் காட்டினார், நகல் கொடுக்க மறுத்துவிட்டார். அப்பாஸ் திரும்பி வந்து நினைவிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையில் அதை வரைந்து வைத்தாராம். ஒரு நாட்டின் எல்லை காகிதக் கைக்குட்டையில்! அந்த நேரத்தில் ஓல்மர்ட் ஊழல் விசாரணையில் சிக்கி, பதவி விலகுவதாக அறிவித்திருந்தவர். போகப்போகிற மனிதரிடம் கையெழுத்துப் போட்டு என்ன பயன் என்று அப்பாஸ் தயங்கினார் என்கிறார்கள். தயங்கியது தவறு என்பேன். அதைவிட நல்ல வரைபடம் பிறகு வரவே இல்லை.

அப்படியானால் எது மாறியது? குடியேறிகளின் எண்ணிக்கை. 1993இல் ஓஸ்லோ அமைதி ஒப்பந்தம் போட்டு வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேலியப் பிரதமர் ராபினும் அராஃபத்தும் கைகுலுக்கியபோது, கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் சுமார் 1,10,000 குடியேறிகள் இருந்தார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல். கிழக்கு ஜெருசலேமில் இன்னும் இரண்டு லட்சத்துக்கும் மேல். ‘அமைதிப் பேச்சு’ நடந்த ஆண்டுகளிலும் இந்த எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. பெரும்பாலோர் எல்லைக்கு அருகே உள்ள பெரிய குடியேற்றங்களில் இருப்பதால் நிலப் பரிமாற்றத்தில் அவர்களை இஸ்ரேலுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று வரைபட நிபுணர்கள் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. மீதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை என்ன செய்வது? 2005இல் காசாவிலிருந்து சுமார் 8,000 பேரை வெளியேற்றவே பல்லாயிரம் ராணுவத்தினரையும் போலீஸையும் இறக்க வேண்டியிருந்தது. அதுவும் செய்தவர் குடியேற்றங்களின் தந்தை என்று பெயர் எடுத்த ஏரியல் ஷரோன்.

அப்புறம் 1995ஆம் ஆண்டின் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் போட்ட கோடுகள். மேற்குக் கரையை ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று பிரித்தார்கள். ‘ஏ’ 18 சதவீதம், பாலஸ்தீனர்களின் வரையறுக்கப்பட்ட சுயாட்சி அமைப்பான பாலஸ்தீன ஆணையத்தின் முழுப் பொறுப்பு. ‘பி’ 22 சதவீதம், நிர்வாகம் ஆணையத்துடையது, பாதுகாப்பில் இஸ்ரேலின் கை ஓங்கியது. ‘சி’ 60 சதவீதம், முழுக்க இஸ்ரேல். ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமான ஏற்பாடு இது, முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. ‘ஏ’யும் ‘பி’யும் ‘சி’ என்ற கடலில் சிதறிய தீவுகள். ராமல்லாவுக்கு வடக்கே ரவாபி என்ற புதிய நகரத்தைப் பாலஸ்தீனர்கள் கட்டினார்கள். அடுக்குமாடி வீடுகள் தயாராகி நின்றன. குழாய்த் தண்ணீருக்கான இஸ்ரேலின் ஒப்புதல் 2015இல்தான் வந்தது, அதுவரை குடியேற முடியாமல் வீடு வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். அனுபோகம் யாரிடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம் நால்வரிடம் வருவோம். இந்தத் திட்டம் நடந்தால் ராமல்லாப் பெண்ணுக்குத்தான் அதிக லாபம்: சொந்தக் கடவுச்சீட்டு, சோதனைச் சாவடி இல்லாத சாலை, தானே ஓட்டுப் போட்டுத் தேர்ந்த அரசு. ஆரியேல்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கலாம், அல்லது ஒரு விரல் போல நீளும் எல்லைக்குள் அடைபட வேண்டியிருக்கலாம். முகாமில் இருப்பவருக்கு இழப்பீடும் புதிய நாட்டின் குடியுரிமையும் கிடைக்கும். தாத்தாவின் ஊர் இஸ்ரேலுக்குள் இருந்தால் அங்கே திரும்புவது கிட்டத்தட்ட இல்லை. ஓல்மர்ட் பேசிய எண்ணிக்கை ஆண்டுக்கு ஆயிரம் பேர், ஐந்து ஆண்டுகளுக்கு. ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையில் பதிவு செய்தவர்கள் கிட்டத்தட்ட 59 லட்சம்.

ஸ்டெரோட் தாயின் கேள்வி வேறு. “2005இல் காசாவை விட்டு வந்தோம். 2007இல் ஹமாஸ் பிடித்தது. ராக்கெட் வந்தது. 2023 அக்டோபர் 7 வந்தது. மேற்குக் கரையிலும் அதே நடந்தால்?” அன்று ஒரே நாளில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்ட பிறகு இந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. இஸ்ரேலின் இடுப்புப் பகுதி நெதன்யா அருகே 15 கி.மீ. அகலம்தான், பென் குரியோன் விமான நிலையம் பழைய எல்லையிலிருந்து பத்து கி.மீ.க்குள் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2005இல் நடந்தது ஒப்பந்தம் அல்ல. பேச்சுவார்த்தைக்குத் தயாராக இருந்த அப்பாஸிடம் ஒப்படைத்து அவருக்கு ஒரு வெற்றியைக் கொடுக்காமல், இஸ்ரேல் தானாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தது. வானமும் கடலும் எல்லையும் அதன் கையிலேயே இருந்தன. பேசி அடைந்த அமைதி தோற்றுவிட்டது என்பதற்கு காசாவைச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது.

ஒரே நாடு

ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே சுமார் 70 லட்சத்துக்கு மேல் யூதர்கள், ஏறக்குறைய அதே அளவு பாலஸ்தீனர்கள். இவர்களைப் பிரிக்க முடியாத அளவுக்கு நிலம் கலந்துவிட்டது, எனவே எல்லோருக்கும் சம ஓட்டுக் கொடுத்து ஒரே நாடாக்குங்கள் என்பது வாதம். அறம் என்று பார்த்தால் இதற்கு மறுப்பே இல்லை. 1920களிலேயே யூதச் சிந்தனையாளர்களில் ஒரு சிறு குழு இரு தேசிய இனங்களின் ஒரே நாட்டைக் கேட்டது. ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் யூதா மாக்னஸும் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரும் பிறகு அதற்காகக் குரல் கொடுத்தார்கள். ஓஸ்லோவின் மேல் நம்பிக்கை இழந்த பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் 1999இல் இதே முடிவுக்கு வந்தார்.

காகிதத்தில் நம் நால்வரில் மூவருக்கு இது பிடிக்க வேண்டும். பெண் டெல் அவிவில் வேலை தேடலாம். ஆரியேல்காரர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். முகாம்காரர் திரும்பி வரலாம். ஆனால் அந்த நாட்டின் பெயர் என்ன? கொடி எது? ராணுவத்துக்கு யார் தளபதி? உலகின் எந்த மூலையில் இருக்கும் யூதரும் வந்து குடியுரிமை பெறலாம் என்கிற 1950ஆம் ஆண்டுச் சட்டமும், அகதிகள் திரும்பும் உரிமையும் ஒரே நாடாளுமன்றத்தில் எப்படி உட்காரும்? யூதப் படுகொலைக்குப் பிறகு உலகில் தங்களுக்கென்று ஒரே ஒரு இடம் வேண்டும் என்று வந்தவர்களிடம், அடுத்த தேர்தலில் நீங்கள் சிறுபான்மையாகிவிடலாம் என்று சொல்ல வேண்டும். எண்பது ஆண்டுகளாகத் தனிக் கொடிக்குப் போராடியவர்களிடம், கொடி வேண்டாம், ஓட்டு போதும் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் இருக்கும் பெரிய சந்தேகம் இதுதான்: கட்டாயப்படுத்திச் சேர்த்த கூட்டுக் குடும்பத்தில் சமையலறைச் சாவி ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவரிடமே தங்கும். ராணுவம், நீதிமன்றம், வங்கி, நிலப் பதிவேடு எல்லாமே இன்று ஒரு தரப்பிடம் இருக்கின்றன. இஸ்ரேலின் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. அவர்களுக்கு ஓட்டு உண்டு, நீதிபதிகளாகவும் இருக்கிறார்கள். ஆனாலும் 2018இல் நிறைவேறிய தேசிய அரசுச் சட்டம், அந்த நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது. ஒரே நாடு வேண்டும் என்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது எல்லையை அல்ல, இந்தச் சட்டத்தை. அதற்கு ஓட்டுப் போடும் நாடாளுமன்றம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

இப்போது நடப்பது

இதைத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நான்கில் உண்மையாக வென்றுகொண்டிருப்பது இதுதான். இஸ்ரேலிய அரசியலில் ‘மோதலை நிர்வகிப்பது’ என்பார்கள். தீர்க்கவும் வேண்டாம், முழுதாக இணைக்கவும் வேண்டாம். இணைத்தால் ஓட்டுரிமை கேட்பார்கள், தீர்த்தால் நிலம் போகும். நடுவில் நாட்களைத் தள்ளலாம்.

2009 ஜூனில் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, ராணுவம் இல்லாத பாலஸ்தீன நாட்டை ஏற்கத் தயார் என்றார் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாஹு. 2024 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் பாலஸ்தீன நாடு அமைவதை எதிர்த்து 68-க்கு 9 என்று தீர்மானம் போட்டது. நடுவில் 2018 முதல் கத்தாரின் பணம் இஸ்ரேலின் சம்மதத்தோடு காசாவுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஆரம்பத்தில் பெட்டி பெட்டியாக. ராமல்லாவில் அப்பாஸ், காசாவில் ஹமாஸ் என்று வீடு இரண்டாகக் கிடக்கும்வரை ‘பேச ஆள் இல்லை’ என்று சொல்வது சுலபம். இந்த ஏற்பாட்டின் விலை என்ன என்பதை அக்டோபர் 7 காட்டியது. அதன் பிறகு காசாவில் நடந்த போரில், காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வருவதற்குள் 67,000க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். அத்தனைக்குப் பிறகும் மேற்குக் கரையில் இதே ஏற்பாடு இன்னும் வேகமாகத் தொடர்கிறது. 2025 மே மாதத்தில் 22 புதிய குடியேற்றங்களுக்கு ஒரே மூச்சில் ஒப்புதல்.

அன்றாடத்தில் இது எப்படி இருக்கும்? ஒரே மலையில் இரண்டு இளைஞர்கள் கல் எறிந்தால், குடியேறி இஸ்ரேலின் சிவில் நீதிமன்றத்துக்குப் போவார், பாலஸ்தீனர் ராணுவ நீதிமன்றத்துக்குப் போவார். ஆணையம் சம்பளம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி சுங்க வரி. 1994ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி அதை வசூலிப்பது இஸ்ரேல். கோபம் வந்தால் அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும், ஆசிரியர்களுக்கு அரைச் சம்பளம் வரும். கிழக்கு ஜெருசலேமின் பாலஸ்தீனர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை உண்டு, நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. வேறு ஊரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டால் அந்த உரிமையே போய்விடக்கூடும்.

சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று, இந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதம், கூடிய விரைவில் முடிய வேண்டும் என்று கருத்துரை வழங்கியது. பொதுச் சபை பன்னிரண்டு மாதம் கெடு கொடுத்தது. கெடு 2025 செப்டம்பரில் முடிந்தது. எதுவும் நடக்கவில்லை.

ஆரியேல்காரருக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஒத்துப்போகிறது. ஸ்டெரோட் தாய்க்கு இது பாதுகாப்பு என்று சொல்லித்தான் பதினாறு ஆண்டுகள் விற்றார்கள். அவருடைய அண்டை வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லை திறந்த இரண்டு நாடுகள்

நான்கில் குறைவாகப் பேசப்படுவதும், என் கண்ணுக்கு நிலத்தின் நிலவரத்தோடு அதிகம் ஒத்துப்போவதும் இதுதான். 2012 முதல் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்தும் ‘எல்லோருக்கும் ஒரு நிலம்’ என்ற இயக்கம் சொல்வது: 1967 எல்லையில் இரண்டு இறையாண்மை நாடுகள், ஆனால் நடுவில் சுவர் இல்லை. ஜெருசலேம் இரண்டுக்கும் தலைநகர், நகராட்சி பொது. ஒரு நாட்டின் குடிமகன் இன்னொரு நாட்டில் வசிக்கலாம், வேலை செய்யலாம். நாடாளுமன்றத்துக்கு ஓட்டு மட்டும் சொந்த நாட்டில். ஓஸ்லோவின் இஸ்ரேலியச் சிற்பிகளில் ஒருவரான யோசி பெய்லினும் பாலஸ்தீன வழக்கறிஞர் ஹிபா ஹுசைனியும் 2022இல் வைத்த திட்டமும் இதன் நெருங்கிய உறவு. அதில் ஒரு கணக்கு உண்டு: எத்தனை குடியேறிகள் இஸ்ரேலியக் குடிமக்களாகவே பாலஸ்தீனத்தில் தங்குகிறார்களோ, அத்தனை பாலஸ்தீனர்கள் தங்கள் குடியுரிமையோடு இஸ்ரேலில் வந்து வசிக்கலாம்.

இந்தக் கணக்கு ரொம்ப சாமர்த்தியமானது. இரண்டு நாட்டுத் தீர்வு எப்போதும் மோதி நின்ற இரண்டு பாறைகளான குடியேறிகளையும் அகதிகளையும் எடுத்து ஒன்றுக்கு ஒன்று எடையாக வைக்கிறது. ஆரியேல்காரர் வீட்டை விட வேண்டாம். பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் போதும். முகாம்காரரில் ஒரு பகுதியினராவது தாத்தாவின் ஊரில் குடியிருக்கலாம், இஸ்ரேலின் வாக்காளர் பட்டியல் மாறாமல். தனி வீடு, தனிச் சமையல், ஆனால் கிணறும் நடைபாதையும் பொது என்று நம்மூரில் பத்திரம் எழுதுவார்களே, அதுபோல.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1947இல் ஐ.நா. அனுப்பிய பதினொரு நாடுகளின் குழுவில் இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் பிரிவினைக்கு எதிராகச் சிறுபான்மை அறிக்கை கொடுத்தன: அரபு மாநிலம், யூத மாநிலம் இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டாட்சி, தலைநகர் ஜெருசலேம். இந்தியாவின் சார்பில் இருந்தவர் நீதிபதி அப்துர் ரஹ்மான். அறிக்கையில் கையெழுத்தானது ஆகஸ்ட் கடைசி நாளில். தன் நாடே இரண்டாகப் பிரிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பஞ்சாபில் ரயில்கள் பிணங்களோடு வந்துகொண்டிருந்த நாட்கள். அந்த யோசனையை அன்று இரு தரப்பும் ஏற்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. இஸ்ரேலில் ஒருவரின் சராசரி வருமானம் பாலஸ்தீனத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எல்லை திறந்தால் உழைப்பு ஒரு பக்கமும் முதலீட்டின் லாபம் மறுபக்கமுமாக ஓடும் ஆபத்து உண்டு. பாலஸ்தீன நீதிமன்றத்தின் முன் ஆரியேல்காரர் உண்மையிலேயே நிற்பாரா? பாதுகாப்புதான் ஆகப் பெரிய முட்டுக்கட்டை. அக்டோபர் 7க்கு முன் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேர் இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலைக்குப் போய்வந்தார்கள். மறுநாளே அனுமதிகள் நிறுத்தப்பட்டன. அந்தத் தாயிடம் போய் ‘எல்லையைத் திறப்போம்’ என்றால் முகத்தில் கதவைச் சாத்துவார். ஐரோப்பாவில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் நிலக்கரியையும் உருக்கையும் பொதுவாக்கி ஒப்பந்தம் போட்டது 1951இல், போர் முடிந்து ஆறே ஆண்டில் என்று இதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அங்கே முதலில் போர் முடிந்திருந்தது, இரண்டு பக்கமும் அரசு இருந்தது.

அதுதான் இடிக்கும் இடம். கூட்டமைப்பு என்றால் கூடுவதற்கு இரண்டு நாடுகள் வேண்டும். ஒரு பக்கம் ராணுவமும் மத்திய வங்கியும் உள்ள அரசு, மறுபக்கம் சம்பளத்துக்கு அடுத்தவர் கையைப் பார்க்கும் ஆணையம் என்றால் அது கூட்டமைப்பு ஆகாது, இப்போது நடப்பதற்கு நல்ல பெயர் வைத்ததாகவே ஆகும். எனவே எல்லை திறந்த இரண்டு நாடுகள் என்று விரும்புகிறவர்களும் முதலில் நிற்க வேண்டிய இடம் பாலஸ்தீன நாடு என்பதில்தான். சில வகையில் ஒரே நாடு கேட்பவர்களுக்கும் அப்படித்தான். சமமாகச் சேர வேண்டும் என்றால் சமமாக நிற்க ஒரு தளம் வேண்டும். அங்கீகாரம் வெறும் சடங்கு என்று கேலி செய்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். பட்டா மட்டும் இருந்தால் விளைச்சல் வராது, உண்மை. பட்டாவும் இல்லாதவர் பேரம் பேச உட்காரவே முடியாது.

பேச யார் இருக்கிறார்கள்?

பட்டாவில் ஏறிய பெயருக்கு உரியவர் யார் என்ற கேள்வியும் உண்டு. அப்பாஸ் 2005 ஜனவரியில் நான்கு ஆண்டுகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். இன்று முப்பத்தைந்து வயதான பாலஸ்தீனர் வாழ்நாளில் ஒருமுறைகூட தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார். போர் முடிந்த ஓராண்டுக்குள் தேர்தல் என்று 2025 செப்டம்பரில் அப்பாஸ் பொதுச் சபைக்குச் சொன்னார். அதையும் காணொலியில்தான் சொன்னார், அமெரிக்கா விசா தரவில்லை. ஹமாஸின் இடம் என்ன, 2002 முதல் இஸ்ரேலியச் சிறையில் இருக்கும் மர்வான் பர்கூத்தியை விடுவார்களா, அவர் வந்தால் அவரும் அப்பாஸும் சார்ந்த ஃபத்தா இயக்கம் ஒன்றாக நிற்குமா என்பதெல்லாம் அந்தத் தேர்தலைச் சுற்றி நிற்கும் கேள்விகள். ஆக்கிரமிப்பைச் சாக்காக வைத்துத் தேர்தலைத் தள்ளிப்போட்ட பாலஸ்தீனத் தலைமைக்கும் இந்த நிலைமையில் பங்கு உண்டு என்று சொல்லத்தான் வேண்டும். இஸ்ரேலியப் பக்கத்தில், இரண்டு நாடு என்று வாய்விட்டுச் சொல்லும் பெரிய கட்சித் தலைவரைத் தேட வேண்டியிருக்கிறது. கருத்துக் கணிப்புகளில் இந்தத் தீர்வுக்கான ஆதரவு இரு தரப்பிலும் பாதிக்குக் கீழே போய்விட்டது. இதில் ஒரு வினோதம்: மற்ற மூன்று வழிகளும் அதைவிடப் பிரபலம் என்று சொல்ல முடியாது. யாருக்கும் எதிலும் நம்பிக்கை இல்லை என்பதுதான் நிலவரம்.

2025 நவம்பர் 17 அன்று பாதுகாப்புச் சபை 2803ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 13, எதிர்ப்பு இல்லை, ரஷ்யாவும் சீனாவும் நடுநிலை. காசாவுக்கு ஒரு அமைதி வாரியம், ஒரு சர்வதேசப் படை, புனரமைப்பு. பாலஸ்தீன ஆணையம் சீர்திருந்தி, காசா கட்டி எழுப்பப்பட்ட பிறகு, தனிநாட்டுக்கான நம்பகமான பாதைக்குரிய சூழல் அமையக்கூடும் என்று ஒரு வாக்கியம். எத்தனை ‘பிறகு’, எத்தனை ‘கூடும்’ என்று எண்ணிப் பார்த்தால் அதை எழுதியவரின் தயக்கம் தெரியும். ஓஸ்லோவிலாவது தேதி இருந்தது: இடைக்கால ஏற்பாடு 1999 மே 4 அன்று முடிய வேண்டும் என்று. இதில் அதுவும் இல்லை.

ஈ-1 பகுதியில் மட்டும் வேலைகளுக்கு வரிசை இருக்கிறது. பாலஸ்தீன வண்டிகளை அந்த நிலத்துக்குள் வராமல் தனியாகத் திருப்பிவிடும் சாலைக்கு இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சரவை 2025 மார்ச்சிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. வீடுகளுக்கு ஆகஸ்டில். சாலை முடிந்தால் ராமல்லாவிலிருந்து பெத்லெஹேமுக்குப் போகும் அந்தப் பெண், கிழக்கு ஜெருசலேமைச் சுற்றி வேறு வழியில் போவார். அடுத்து எந்த நாடு அங்கீகரிக்கிறது என்ற செய்தியைவிட, அந்தச் சாலையில் தார் போட ஆரம்பித்துவிட்டார்களா, பாலஸ்தீனத் தேர்தலுக்கு நாள் குறித்துவிட்டார்களா என்ற இரண்டு செய்திகளைத்தான் நான் இப்போது தேடிப் படிக்கிறேன்.